தாய்மையும் வலி தீர்க்கும் மருந்தும்

கருவுற்ற தாய்மார் வலிக்கு மருந்து உட்கொள்வது பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். இது மருத்துவரும் தாய்மாரும் பேசவேண்டிய பொருளாயிற்றே, பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் நமக்கு இதில் என்ன தொடர்பு என்று உங்களில் சிலர் வினவக்கூடும். தொடர்பு உண்டு. தலைப்பிள்ளைப் பேற்றுக்காகத் தமக்கை தாய்வீடு வந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பிற்பகலில் தலையை வலிக்கிறது என்கிறாள். மற்றொரு நாள் இடுப்பு வலி என்கிறாள். கடைக்கு ஓடி ஒரு மாத்திரை வாங்கிவரும்படி வீட்டார் யாரை ஏவுவர்? பெரும்பாலும் உங்களைத்தான். "தலைவலிக்கு ஒரு மாத்திரை கொடுங்கள்" என்று கடையின் முன் நின்று நீங்கள் கேட்கும்போது, அது யாருக்கு என்பதைக் கடைக்காரர் அறியார். அவள் கருவுற்று எத்தனை வாரமாயிற்று என்பதையும் அறியார். நீங்கள் சொன்னாலன்றி அவர் அதை அறிய வழியில்லை. ஆதலின் இப்பொருளை நீங்கள் அறிந்திருத்தல் மிகவும் வேண்டற்பாலது.

நம் செங்கற்பட்டு மாவட்டத்தின் கடற்கரையை எண்ணிப் பாருங்கள். கோவளம் முதல் மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் வரை மீனவர் குப்பங்கள் பல உள்ளன. அங்கே மீன் கூடையைத் தலையில் சுமந்து விற்கும் பெண்டிர் உண்டு. உள்நாட்டுப் பக்கம் வந்தால் வயலில் குனிந்து நாற்று நடும் பெண்டிர் உண்டு. தொழிற்சாலையில் நாள் முழுதும் நின்று பணிபுரிவோர் உண்டு. இவர்கள் கருவுறும்போது இடுப்பும் முதுகும் வலிப்பது இயற்கையே. வயிறு முன்னே தள்ளுவதால் உடலின் பாரம் இடம் மாறுகிறது. மகப்பேற்றுக்கு உடலை ஆயத்தம் செய்யும் சுரப்புகள் இடுப்பெலும்பின் மூட்டுகளைத் தளர்த்துகின்றன. வேலையோ குறைவதில்லை. மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். போய்வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். மருந்துக் கடையோ தெருமுனையில் இருக்கிறது. வலி பொறுக்க மாட்டாதவள் எதை நாடுவாள் என்று சொல்லவும் வேண்டுமோ?

இவ்விஷயத்தில் நம்மிடையே இரண்டு கருத்துகள் உலவுகின்றன. "தலைவலி மாத்திரைதானே, அதனால் என்ன ஆகிவிடும்?" என்பது ஒன்று. "பிள்ளைத்தாய்ச்சி எந்த மருந்தையும் தொடக்கூடாது, வலியைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்" என்பது மற்றொன்று. இரண்டும் தவறு, இரண்டாலும் கேடு விளையும். வள்ளுவர் தம் நூலில் மருந்துக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். நோயுற்றவரின் நிலை, நோயின் தன்மை, காலம் ஆகிய மூன்றையும் மருத்துவன் எண்ணிப் பார்த்தே செயற்படவேண்டும் என்பது அங்கே அவர் கூறும் அறிவுரைகளுள் ஒன்று. கருவுற்ற தாயின் வலிக்கு மருந்து தருவதில் இம்மூன்றும் எவ்வளவு இன்றியமையாதவை என்பதை இன்றைய மருத்துவ அறிவியல் தெளிவாகக் காட்டுகிறது. சிறப்பாகக் காலம் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஐந்தாம் வாரத்தில் தீங்கு செய்யும் மருந்து வேறு, முப்பதாம் வாரத்தில் தீங்கு செய்யும் மருந்து வேறு. இதுவே நான் இன்று உங்களுக்கு விளக்கப் புகுந்த செய்தி.

முதலில் தாயின் உடலிலிருந்து சேய்க்கு மருந்து எவ்வாறு செல்கிறது என்பதைப் பார்ப்போம். கருப்பையின் சுவரில் நச்சுக்கொடி ஒட்டியிருக்கிறது. அதிலிருந்து தொப்புள்கொடி சேய்க்குச் செல்கிறது. தாயின் இரத்தமும் சேயின் இரத்தமும் ஒன்றாகக் கலப்பதில்லை. நடுவே மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. உணவுச் சத்தும் உயிர்க்காற்றும் அதைக் கடந்து சேய்க்குப் போகின்றன. கழிவுகள் அதைக் கடந்து தாய்க்கு வருகின்றன. இச்சவ்வை ஒரு கோட்டைச் சுவர் போலவும், தீயவை எவற்றையும் அது உள்ளே விடாது போலவும் மருத்துவ உலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது. அந்த நம்பிக்கையில் முதல் விரிசல் 1941இல் விழுந்தது. ஆஸ்திரேலியாவில் நார்மன் கிரெக் என்னும் கண் மருத்துவர், ருபெல்லா என்னும் அம்மை நோய் கருவுற்ற தொடக்கத்தில் தாய்க்குக் கண்டால், பிறக்கும் குழந்தைக்குக் கண்ணில் புரை தோன்றுவதைக் கண்டு சொன்னார். நோய்க்கிருமி நச்சுக்கொடியைக் கடக்கிறது என்பது அதனால் தெரியவந்தது. மருந்தும் அவ்வாறே கடக்கும் என்பதை உலகம் உணர மேலும் 20 ஆண்டுகள் ஆயின. அதற்கு அது கொடுத்த விலை மிகப் பெரிது.

1957 அக்டோபரில் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்னும் மருந்து விற்பனைக்கு வந்தது. அமைதியான உறக்கம் தரும், அளவு மீறினாலும் உயிருக்குத் தீங்கு இல்லை என்று அதை விளம்பரம் செய்தனர். மருந்துச் சீட்டு இல்லாமலே அங்கே அதை வாங்க முடிந்தது. கருவுற்ற தாய்மார் காலை வேளையில் உண்டாகும் குமட்டலுக்கும் வாந்திக்கும் அதை உட்கொண்டனர். 46 நாடுகளில் அது பரவியது. சில ஆண்டுகளுக்குள், கையும் காலும் குறுகிப் பிறந்த குழந்தைகளை மருத்துவர்கள் அடிக்கடி காணலாயினர். 1961இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் விடுகின்ட் லென்ஸ் என்பவரும், ஆஸ்திரேலியாவில் வில்லியம் மெக்பிரைடு என்பவரும் இம்மருந்தே காரணம் எனத் தனித்தனியே ஐயுற்று வெளிப்படுத்தினர். அவ்வாண்டு நவம்பரில் ஜெர்மனியில் அது விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. அதற்குள் உலகெங்கும் 10,000க்கு மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டுவிட்டனர் என்று மதிப்பிடுகின்றனர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர் பிறந்த சில மாதங்களுக்குள் இறந்தனர்.

அமெரிக்காவில் அம்மருந்து விற்பனைக்கு வரவில்லை. அங்குள்ள உணவு மருந்து நிர்வாகத்தில் பிரான்சிஸ் கெல்சி என்னும் பெண்மணி 1960இல்தான் பணியில் சேர்ந்திருந்தார். நரம்புகளுக்கு இம்மருந்தால் கேடு நேர்வதாக வந்த செய்தியைக் கண்டு, இன்னும் சான்று வேண்டும் என்று நிறுவனத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டார். நிறுவனம் நெருக்கியும் அவர் இசையவில்லை. ஒருவர் சான்று கேட்டு உறுதியாக நின்றதால் ஒரு நாட்டின் குழந்தைகள் காப்பாற்றப்பட்டனர். 1962இல் குடியரசுத் தலைவர் கென்னடி அவருக்கு உயரிய விருது அளித்துப் பாராட்டினார்.

தாலிடோமைடு தீங்கு செய்த காலத்தை ஆராய்ந்தபோது வியப்பான உண்மை ஒன்று தெரிந்தது. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து கணக்கிட்டால், ஏறத்தாழ 34ஆம் நாள் முதல் 50ஆம் நாள் வரையே அம்மருந்து உறுப்புகளைக் கெடுத்தது. அந்த நாட்களில் ஒரே ஒரு மாத்திரை கூடப் போதுமாயிருந்தது. பல பெண்கள் தாம் கருவுற்றிருப்பதையே உறுதியாக அறிந்திராத நாட்கள் அவை! வேறொரு செய்தியும் கருதத்தக்கது. எலிகளிடம் இக்கேடு எளிதில் வெளிப்படவில்லை, முயல்களிடம் வெளிப்பட்டது. ஓர் உயிருக்குத் தீங்கில்லாதது மற்றோர் உயிருக்கும் தீங்கில்லாததாகிவிடாது.

இனி நம் ஊருக்கு வருவோம். செங்கற்பட்டை அடுத்த திருமணியில் தொழுநோய்க்கான மத்திய பயிற்சி, ஆராய்ச்சி நிலையம் உள்ளது. 1924இல் லேடி வில்லிங்டன் பெயரால் ஏற்பட்ட தொழுநோய் மருத்துவ இல்லத்தை மத்திய அரசு மேற்கொண்டு, 1955இல் இந்நிலையத்தை அமைத்தது. தொழுநோயாளர் சிலருக்கு ஒருவகை எதிர்வினை தோன்றும். தோலில் சிவந்த முடிச்சுகள் எழும், காய்ச்சல் அடிக்கும், நரம்பும் மூட்டும் தாங்கொணாது வலிக்கும். 1964இல் ஜெருசலேம் நகரில் ஜேக்கப் ஷெஸ்கின் என்னும் மருத்துவர், இவ்வலியால் உறக்கமின்றித் தவித்த ஒரு நோயாளிக்கு உறக்கத்துக்காகத் தாலிடோமைடு கொடுத்தார். உறக்கம் வந்தது மட்டுமன்று, எதிர்வினையும் விரைவில் தணிந்தது. உலகம் வெறுத்து ஒதுக்கிய மருந்து ஒரு கொடிய வலிக்கு மருந்தாயிற்று.

உலக சுகாதார நிறுவனம் இதைப் பல நாடுகளில் முறையாகச் சோதித்து, அதன் முடிவை 1971இல் வெளியிட்டது. ஒரு சாராருக்குத் தாலிடோமைடும், மற்றொரு சாராருக்கு ஆஸ்பிரினும் கொடுத்து ஒப்பிட்டனர். எவருக்கு எது என்பதை நோயாளரும் அறியார், கொடுத்த மருத்துவரும் அறியார். அந்த அறிக்கையை எழுதியோருள் நம் செங்கற்பட்டு நிலையத்தின் மருத்துவர்களும் இருந்தனர். அச்சோதனையில் சேர்த்துக்கொள்ளப்பட்டோர் ஆண்கள் மட்டுமே என்பதை நீங்கள் கவனிக்கவேண்டும். மருந்து நல்லதா, தீயதா என்று பொதுவாகக் கேட்பதற்கு முன், யாருக்கு என்று கேட்கவேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக விளக்கும் சான்று வேறில்லை.

இந்த எச்சரிக்கை தளர்ந்த இடத்தில் என்ன நேர்ந்தது என்பதையும் சொல்லவேண்டும். தொழுநோய் மிகுந்த பிரேசில் நாட்டில், 1965க்குப் பின்னரும் தாலிடோமைடால் உறுப்புக் குறையுற்ற குழந்தைகள் பிறந்தனர். ஒருவருக்கு மருத்துவர் கொடுத்த மாத்திரையை வீட்டில் உள்ள மற்றவரும் பகிர்ந்து உட்கொண்டது ஒரு காரணம். கருவுற்ற பெண்ணின் உருவத்தின் மேல் குறுக்குக் கோடிட்ட எச்சரிக்கைப் படம் மருந்துப் பொதியில் இருந்தது. படிப்பறியாத சிலர் அதைக் கருத்தடை மாத்திரை என்று பொருள் கொண்டனர்! நம் வீடுகளிலும் "போன மாதம் எனக்கு முதுகுவலிக்குக் கொடுத்தது, நன்றாகக் கேட்டது, நீயும் ஒன்று போட்டுக்கொள்" என்று மாத்திரையைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் உண்டன்றோ? அன்பினால் செய்வதுதான், ஆயினும் ஆபத்தானது.

இப்போது இன்று நம் கடைகளில் கிடைக்கும் வலி மருந்துகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது பாராசிட்டமால். காய்ச்சலுக்கும் வலிக்கும் கருவுற்ற தாய்மாருக்கு மருத்துவர் பெரும்பாலும் முதலில் தேர்ந்தெடுப்பது இதுவே. வேண்டிய மிகக் குறைந்த அளவில், வேண்டிய மிகக் குறைந்த நாட்களுக்கு மட்டும் உட்கொள்வது என்பது இதற்குரிய நெறி. இம்மருந்தால் குழந்தைகளுக்கு ஆட்டிசம் என்னும் வளர்ச்சிக் குறைபாடு வருமோ என்னும் ஐயம் சில ஆண்டுகளாக எழுப்பப்படுகிறது. சுவீடன் நாட்டில் ஏறத்தாழ 25 இலட்சம் குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2024இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒரே தாயின் மக்களுள், கருவில் இருந்தபோது இம்மருந்துக்கு உட்பட்ட குழந்தையையும் உட்படாத குழந்தையையும் ஒப்பிட்டபோது, அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. 2025 செப்டம்பரில் அமெரிக்காவில் இது குறித்து அச்சம் எழுந்தபோது, இத்தொடர்பை உறுதிப்படுத்தும் முடிவான அறிவியற் சான்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. கடுங்காய்ச்சலைத் தணிக்காமல் விடுவதும் கருவுக்கு நல்லதன்று என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். அதற்காக இதை மிட்டாய்போல் விழுங்கவும் கூடாது. சளி மாத்திரை, உடல்வலி மாத்திரை எனப் பல பெயர்களில் வரும் கூட்டு மருந்துகளிலும் பாராசிட்டமால் கலந்திருக்கிறது. இரண்டு வகை மாத்திரைகளைச் சேர்த்து விழுங்குவோர் தம்மை அறியாமல் இரட்டை அளவு உட்கொள்கின்றனர். மிகுந்தால் கல்லீரல் கெடும்.

இரண்டாவது வகையில் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், நாப்ராக்சன், மெஃபனாமிக் அமிலம் முதலியவை அடங்கும். பல்வலிக்கும் மூட்டுவலிக்கும் மாதவிலக்கு வலிக்கும் நம் மக்கள் மிகுதியாக வாங்குபவை இவையே. கருவுற்றோர் தாமாக வாங்கி உட்கொள்ளவே கூடாதவையும் இவையே. காரணத்தை விளக்குகிறேன். அடிபட்ட இடத்தில் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள்களை நம் உடல் செய்கிறது. இம்மருந்துகள் அவற்றின் உற்பத்தியைத் தடுக்கின்றன. அதனால் வலி குறைகிறது. ஆனால் அதே பொருள்கள்தாம் கருவில் உள்ள சேயின் உடலில் வேறு இரண்டு பெரும் பணிகளைச் செய்கின்றன.

சேய் கருவில் மூச்சு விடுவதில்லை. ஆகவே அதன் நுரையீரலுக்கு மிகுந்த இரத்தம் தேவையில்லை. இதயத்திலிருந்து நுரையீரலுக்குச் செல்லும் இரத்தத்தில் பெரும்பகுதியை, ஒரு சிறு குறுக்குக் குழாய் உடலின் பெருங்குழாய்க்குத் திருப்பிவிடுகிறது. பிறந்து மூச்சுவிடத் தொடங்கியபின் அக்குழாய் தானே மூடிக்கொள்ளும். பிறக்கும்வரை அதைத் திறந்து வைத்திருப்பவற்றுள் முக்கியமானது புரோஸ்டாகிளாண்டின். தாய் இவ்வகை மாத்திரையைப் பிந்திய மாதங்களில் உட்கொண்டால், அக்குழாய் காலத்துக்கு முன்பே சுருங்கிவிடக்கூடும். சேயின் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் கேடு நேரும். இரண்டாவது பணி சிறுநீரகத்தைச் சார்ந்தது. சேயைச் சூழ்ந்துள்ள பனிக்குட நீரின் பெரும்பகுதி, பாதிக் காலத்துக்குப் பின், சேயின் சிறுநீரே. இம்மருந்துகள் சேயின் சிறுநீரகச் செயலைக் குறைப்பதால் பனிக்குட நீர் வற்றக்கூடும். மருந்தை நிறுத்தினால் நீர் பெரும்பாலும் மீண்டும் ஊறும். ஆயினும் கண்டறியாமல் விட்டால் தீங்கு.

முன்னர் 30ஆம் வாரத்துக்குப் பின்னரே இவற்றைத் தவிர்க்கவேண்டும் என்று கூறிவந்தனர். 2020 அக்டோபரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், 20ஆம் வாரம் முதலே தவிர்க்கவேண்டும் என எச்சரிக்கையை முன்னுக்குக் கொண்டுவந்தது. மிக இன்றியமையாதபோது மருத்துவர் கண்காணித்துக் குறைந்த அளவில் சில நாள் கொடுக்கலாம் என்றும் கூறியது. தொடக்க வாரங்களிலும் மருத்துவரைக் கேளாமல் இவற்றைத் தொடலாகாது. வலிக்குப் பூசும் களிம்புகளிலும் இதே டைக்ளோஃபெனாக் முதலியவை இருக்கின்றன. தோலின் வழியாகவும் மருந்து ஓரளவு உட்செல்லும். ஆகவே பூசுமுன்னும் கேட்டறிதல் நன்று.

ஆஸ்பிரினும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. வலிக்கு உட்கொள்ளும் பெரிய அளவில், பிந்திய மாதங்களில், அது இரத்தப்போக்குக்கும் முன்சொன்ன கேடுகளுக்கும் வழிசெய்யும். ஆயினும் கருவுற்ற காலத்தில் இரத்த அழுத்தம் மிகுந்து வலிப்பில் முடியக்கூடிய நோய் வரும் ஆபத்து சிலருக்கு உண்டு. அந்நோயைத் தடுப்பதற்காக, 12ஆம் வாரத்துக்குப் பின், மருத்துவர் மிகச் சிறு அளவு ஆஸ்பிரினை நாள்தோறும் கொடுப்பார். அதைக் கண்டு, "ஆஸ்பிரின் கூடாது என்று வானொலியில் சொன்னார்களே" என்று நிறுத்திவிடக்கூடாது. ஒரே மருந்து அளவால் காவலாகவும் அளவால் தீங்காகவும் ஆவதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

மூன்றாவது வகை கடும் வலிக்குரிய டிராமடால், கோடீன், மார்ஃபின் போன்றவை. இவை அபின் இனத்தின் தன்மையுடையவை. தாய் இவற்றை நீண்ட நாள் உட்கொண்டால் கருவில் உள்ள சேயும் இவற்றுக்குப் பழகிவிடுகிறது. பிறந்தவுடன் அம்மருந்து கிடைக்காமையால் குழந்தை நடுங்கும், ஓயாது அழும், பால் குடிக்காது, வலிப்பும் வரக்கூடும். மகப்பேற்றை ஒட்டி உட்கொண்டால் குழந்தையின் மூச்சு தளரக்கூடும். டிராமடாலைத் தவறாகப் பயன்படுத்துவது பெருகியதால், 2018 ஏப்ரலில் அரசு அதைப் போதை மருந்துகள் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. பாலூட்டும் தாய்மாரும் கோடீன், டிராமடால் இரண்டையும் தவிர்க்கவேண்டும் என்று 2017இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. எனினும் நீண்ட நாள் இவற்றை உட்கொண்டுவரும் ஒருத்தி கருவுற்றால், அச்சத்தால் ஒரே நாளில் தானாக நிறுத்துவதும் ஆபத்தே. மருத்துவரின் துணையோடு படிப்படியாகக் குறைக்கவேண்டும்.

மூட்டுவாத நோய்க்கு வாரம் ஒருமுறை உட்கொள்ளும் மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்து கருவின் உறுப்புகளைக் கெடுக்கவல்லது. கருவுற எண்ணும்போதே மருத்துவரிடம் சொல்லி அதை மாற்றிக்கொள்ளவேண்டும். ஒற்றைத் தலைவலிக்குத் தரும் எர்காட்டமின் கருப்பையைச் சுருங்கச் செய்யும். கருவுற்ற காலத்தில் அது ஆகாது. இப்படி நீண்டகால நோய்க்கு மருந்துண்ணும் பெண்கள், கரு தரிக்குமுன்னரே மருத்துவரைக் கலந்துகொள்வது சாலச் சிறந்தது.

மருந்தைப் பற்றி இவ்வளவு சொன்னேன். வலியைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். வலி சில வேளைகளில் உடல் விடுக்கும் எச்சரிக்கை. 20 வாரத்துக்குப் பின் கடுந்தலைவலி வந்து, கண் மங்கி, முகமும் கையும் வீங்கி, மேல்வயிறு வலித்தால் அது இரத்த அழுத்தக் கோளாறாக இருக்கலாம். அந்நிலையில் மாத்திரை கொடுத்துப் படுக்கவைப்பது, தீப்பற்றிய வீட்டில் மணியை நிறுத்திவிட்டு உறங்குவதை ஒக்கும். வயிற்று வலியோடு இரத்தப்போக்கு, பனிக்குட நீர் கசிதல், சேயின் அசைவு குறைதல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், காய்ச்சலோடு இடுப்புவலி, சிறுநீர் எரிச்சல் ஆகியவற்றில் எது தோன்றினும் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். 108 என்னும் எண்ணை அழைத்தால் அவசர ஊர்தி வரும்.

எச்சரிக்கைக் குறியில்லாத எளிய வலிக்கு எளிய வழிகள் உண்டு. நெடுநேரம் நின்றும் குனிந்தும் செய்யும் வேலையைக் குறைக்கவேண்டும்; பாரம் தூக்குவதைப் பிறர் ஏற்கவேண்டும். ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கிடையே தலையணை வைத்துக்கொள்ளலாம். இடுப்புக்கு இளஞ்சூட்டில் ஒத்தடம் கொடுக்கலாம். தண்ணீர் போதுமான அளவு பருகினால், வெயிலால் வரும் தலைவலி பெரும்பாலும் தணியும். குடத்தைத் தம்பி தூக்கினால் தமக்கைக்கு மாத்திரை வேண்டியிராது என்பதை இளைஞர்கள் நினைவில் வைக்கவேண்டும்.

அறியாமல் ஒரு மாத்திரையை உட்கொண்டுவிட்ட பெண்ணுக்கு நாம் என்ன சொல்லவேண்டும்? "ஐயோ, கெடுத்துவிட்டாயே!" என்று அச்சுறுத்துவது அறிவுடைமையன்று. பெரும்பாலான வேளைகளில் ஓரிரு மாத்திரையால் தீங்கு நேர்வதில்லை. தாலிடோமைடு போன்றவை அரியவை. மருந்தின் பெயர், அளவு, நாள் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்லட்டும். தேவையானால் அவர் ஒலியலைப் படம் எடுத்துப் பார்ப்பார். பழிக்கு அஞ்சி உண்மையை மறைத்தால், செய்யக்கூடிய உதவியும் செய்ய முடியாமற் போய்விடும்.

மருந்து அட்டையைப் படிக்கவும் நீங்கள் பழகவேண்டும். விளம்பரப் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். உள்ளடங்கிய மருந்தின் உண்மைப் பெயர் சிறிய எழுத்தில் இருக்கும். படிக்கவேண்டியது அச்சிறிய எழுத்தை. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் எச் அட்டவணையில் உள்ளவற்றைப் பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டின்றி விற்கக்கூடாது. அட்டையில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருந்தால், மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளாதே என்பது பொருள். பழைய சீட்டைக் காட்டி வாங்குவதும் சீட்டின்றி வாங்குவதைப் போன்றதே. அன்று எழுதியபோது அவள் கருவுற்றிருக்கவில்லை. அல்லது வேறு வாரத்தில் இருந்தாள். நாட்டு மருந்தோ சித்த மருந்தோ உட்கொண்டால் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லவேண்டும்.

கேட்பதற்கு ஆள் இல்லை என்று நம் மாநிலத்தில் எவரும் சொல்லவேண்டியதில்லை. கிராம சுகாதாரச் செவிலியரும் ஆரம்ப சுகாதார நிலையமும் ஊர்தோறும் பணியாற்றுகின்றன. 104 என்னும் எண்ணில் உடல்நல அறிவுரை கேட்கலாம். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் அமைந்த மகப்பேறு உதவித் திட்டம் உள்ளது. அதன்படி ஏழைத் தாய்மாருக்கு 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி, பணமாகவும் சத்துணவுப் பொருளாகவும் கிடைக்கிறது. அதைப் பெற, கருவுற்ற தொடக்கத்திலேயே பதிவு செய்துகொள்வது வழக்கம். பணத்தைவிடப் பெரிய பயன் ஒன்று அப்பதிவில் உண்டு. எத்தனையாவது வாரம் என்பது அன்றே ஏட்டில் ஏறிவிடுகிறது. பின்னர் எந்த மருத்துவர் பார்த்தாலும், எந்த மருந்தை எப்போது கொடுக்கலாம் என்று தீர்மானிக்க அந்தக் கணக்கு உதவுகிறது.

மாணவர்களே, மருந்துக் கடைக்கு இனி நீங்கள் அனுப்பப்பட்டால் மூன்று செய்திகளைத் தெரிந்துகொண்டு புறப்படுங்கள். மருந்து யாருக்கு, கருவுற்று எத்தனை வாரம், வேறு என்ன மருந்து உட்கொள்கிறார் என்பவை அவை. அவற்றைக் கடையில் மருந்தாளுநரிடம் தயங்காமல் சொல்லுங்கள். அவர் மருத்துவரைப் பார்க்கச் சொன்னால் வெறுங்கையோடு திரும்பி வருவதற்கு வெட்கப்படாதீர்கள். வீட்டில் சினந்து கொள்வார்களானால், நீங்கள் கற்றதை அமைதியாக எடுத்துக் கூறுங்கள். மறுநாள் காலை தமக்கையோடு சுகாதார நிலையத்துக்குத் துணையாகச் செல்லுங்கள். அவளுடைய வலியைத் தீர்க்கவேண்டும் என்பதில் ஐயமில்லை; அதைத் தீர்க்கும் மருந்து அவளுக்கும், அவள் வயிற்றிலுள்ள சேய்க்கும், அந்த வாரத்துக்கும் ஏற்றதாக இருக்கவேண்டும்.